கழுவாத சுவர்

பெயிண்ட் அடிப்பதைப் பற்றி என்னிடம் யாரும் அளக்க முடியாது. நான் ரயில் பெட்டி பெயிண்டரின் தங்கை. பிரிக்பீல்ட்ஸில் எங்கள் ரயில்வே குவாட்டர்ஸ் வீட்டுக்குள் நுழைந்தால் குழம்பு வாசனைக்கு முன்னால் ஆளிவிதை எண்ணெயும் டர்பன்டைனும்தான் மூக்கில் ஏறும். அண்ணன் தினமும் விடியற்காலையில் ரயிலேறி செந்தூல் பட்டறைக்குப் போவார். சாயங்காலம் நகக்கண்ணில் சிவப்பு ஈயத்தோடு திரும்புவார். எவ்வளவு சோப்புப் போட்டாலும் அது போகாது. அம்மா போன பிறகு அந்த விரல்களால்தான் எனக்குத் தலை பின்னிவிட்டார். பின்னல் கோணலாகத்தான் இருக்கும், ஆனால் அவிழவே அவிழாது.

அப்பாவை எனக்கு நினைவில்லை. அம்மா பெரியம்மையில் போனபோது எனக்கு நாலு வயது, அண்ணனுக்குப் பதினாலு. கடைசி வரைக்கும் அம்மாவின் வாயில் கரண்டியால் தண்ணீர் விட்டவர் அவர்தான் என்று அக்கம்பக்கத்தார் சொல்லுவார்கள். அவர் ஒரு நாளும் அதைப் பற்றிப் பேசியதில்லை. நானும் கேட்டதில்லை.

குவாட்டர்ஸ் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. முன்னால் ஒரு கூடம், பின்னால் ஒரு அறை, அறைக்கு அப்பால் கொல்லை. கூடத்துக்கும் அறைக்கும் நடுவில் ஒரு கனத்த மரக்கதவு. கூடத்தில் ஆரம்பித்து, அந்தக் கதவோரமாக, கொல்லைக் கதவு வரைக்கும் ஒரே நீளச் சுவர். ரயில் போகும்போதெல்லாம் அந்தச் சுவர் லேசாக அதிரும். கல்யாணமாகிக் கிள்ளானுக்குப் போன புதிதில், சுவர் அதிராத வீட்டில் எனக்குத் தூக்கமே வரவில்லை. இப்போதும் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் போனால் அந்த வரிசை வீடுகளைக் கொஞ்ச நேரம் நின்று பார்க்காமல் வரமாட்டேன்.

கிள்ளான் சம்பந்தம் ஒரு தரகர் கொண்டுவந்தது. மாப்பிள்ளை துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணி. அப்பா இல்லை, அம்மா மட்டும். நகை எவ்வளவு, பாத்திரம் எவ்வளவு என்றெல்லாம் அந்த அம்மாள் கேட்கவில்லையாம். முதலில் பார்த்த இடத்தில் பெண்ணுக்கு இருந்த வலிப்பை மறைத்துவிட்டார்களாம். அதனால், “எதையும் மறைக்கக்கூடாது, அது ஒண்ணுதான் எனக்கு வேணும்” என்று சொல்லியனுப்பியிருந்தார். பெண்ணுக்கு ஏதாவது நோய்நொடி உண்டா என்று தரகர் கேட்டார். அண்ணன் யோசிக்கவே இல்லை. என் தங்கைக்குத் தும்மல்கூட வந்ததில்லை என்றார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பது இதுதான். அதற்கு மூன்று மாதத்துக்கு முன்னால்தான் நான் அம்மை கண்டு எழுந்திருந்தேன்.

வந்தது சின்னம்மைதான். ஆனால் வெளியே தெரிந்தால் சுகாதார ஆட்கள் வந்து வீடு முழுக்க மருந்து ஊற்றி, என்னையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயத்தில் வீட்டுக்குள்ளேயே மறைத்துவிட்டோம். அண்ணி அப்போது பிள்ளைத்தாச்சி. பிள்ளைத்தாச்சி அம்மை வீட்டில் இருக்கக்கூடாது என்று சாலாக் செலாத்தானில் அவர் அம்மா வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள். மீதி இருந்தது அண்ணனும் நானும். காலையில் வேப்பிலையும் மஞ்சளும் அரைத்து ஒரு கொட்டாங்கச்சியில், கஞ்சி ஒரு சட்டியில், இரண்டையும் அறைக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டு, “வச்சிருக்கேன் தங்கச்சி” என்று ஒரு குரல் கொடுப்பார். பிறகு வாசல் கதவு சாத்தும் சத்தம் கேட்கும். வேலைக்குப் போய்விட்டார் என்று அர்த்தம்.

உடம்பு முழுக்க மஞ்சளை அப்பிக்கொண்டு நான் பாயில் கிடப்பேன். கொல்லைக்குப் போகவேண்டுமென்றால் சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பேன். ராத்திரி அண்ணன் தூங்கிய பிறகு கூடத்து ஜன்னலில் கொஞ்சம் காற்று வாங்க நினைத்தாலும் அதே சுவர்தான். ஒரு நாள் கொல்லைக் கதவருகே கால் மடிந்து விழுந்துவிட்டேன். எழுந்திருக்க முடியவில்லை. மூன்று தடவை அண்ணனைக் கூப்பிட்டேன். அவர் பட்டறையில் இருப்பார் என்று தெரிந்துதான் கூப்பிட்டேன். வலிக்கும்போது யாரையாவது கூப்பிடத் தோன்றுமே, அதுதான். பிறகு நானாகவே எழுந்து வந்து படுத்துக்கொண்டேன். அதை யாரிடமும் சொல்லவில்லை.

மூன்றாவது தண்ணீர் ஊற்றி, தரை கழுவி, அண்ணியும் கைக்குழந்தையோடு திரும்பி வந்து, எல்லாம் மறந்துபோன நேரத்தில்தான் கிள்ளானிலிருந்து பெண் பார்க்க வருகிறோம் என்று செய்தி வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் வருகிறார்கள். கையில் ஒரு வாரம் இருந்தது. வீட்டுக்குச் சாயம் அடிக்கவேண்டும் என்றார் அண்ணன்.

சாதாரணமாகவே அவர் மரத்தைத் தொட்டால் மற்றவர்களுக்குப் பொறுமை போய்விடும். பட்டறைப் பழக்கம் அப்படி. பழைய சாயத்தைச் சுரண்டியால் மரம் தெரிகிற வரைக்கும் எடுப்பார். உப்புத்தாளால் தேய்ப்பார். மரத்தில் ரேகை ஓடும் திசையிலேதான் தேய்க்கவேண்டும், குறுக்கே ஒரு இழுப்பு இழுத்தாலும் கீறல் கடைசி வரை தெரியும் என்பார். தூசியை ஈரத்துணியால் துடைப்பார். கணுக்களில் பிசின் கசியும் என்று, ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கை ஒவ்வொரு கணுவிலும் பொட்டு வைப்பதுபோல் வைப்பார். அப்புறம்தான் பிரைமர். வெள்ளை ஈயத்தை ஆளிவிதை எண்ணெயில் தண்ணியாகக் கலக்கி, மரம் குடிக்கிற வரைக்கும் கொடுப்பார். அது காய்ந்த பிறகு ஆணி ஓட்டைகளுக்குச் சாக்பீஸ் மாவில் பிசைந்த பட்டி. மறுபடி உப்புத்தாள். “குளிக்காம பட்டுப் புடவை கட்டினா நல்லாவா இருக்கும்? மரத்துக்கும் அதே கதைதான்லா” என்று அண்ணியிடம் நியாயம் பேசுவார்.

அந்த வாரம் பட்டறையில் வேலை குறைவு. நாடு முழுக்கவே அப்போது அப்படித்தான் இருந்தது, வாரத்தில் மூன்று நாள் வேலை இருந்தால் பெரிது. மீதி நாளெல்லாம் அண்ணன் மரத்தோடு மல்லுக்கட்டினார். ஜன்னல்களை அரை நாளில் முடித்துவிட்டார். கூடத்துக்கும் அறைக்கும் நடுவிலிருந்த அந்த ஒற்றைக் கதவுக்கு மட்டும் நாலு நாள் எடுத்துக்கொண்டார். சுரண்டுகிறார், தேய்க்கிறார், பிரைமர் அடிக்கிறார், திருப்தியில்லாமல் மறுபடி சுரண்டுகிறார். மாப்பிள்ளை வீட்டார் கதவையா கட்டிக்கொள்ளப் போகிறார்கள் என்று அண்ணி கேட்டார். அவர் உப்புத்தாளைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு இன்னும் அழுத்தித் தேய்த்தார்.

சுவர் என்றால் மட்டும் அவருக்கு இளக்காரம். சுண்ணாம்பு அடிக்க ஆள் எதற்கு, மாட்டுக்கொட்டகைக்கும் அதுதானே என்பார். சனிக்கிழமை மத்தியானம், கையில் இருந்தது அரை நாள்தான் என்ற நிலையில், சீனத் தவுக்கே கடையில் வாங்கிய சுண்ணாம்பை டின்னில் நீற்றி, துணியில் வடிகட்டி, ஒரு கை உப்பும் கொஞ்சம் நீலமும் போட்டுக் கலக்கினார். சுவரைச் சுரண்டவில்லை. கழுவவில்லை. விளக்குமாற்றால் ஒட்டடையை மட்டும் தட்டிவிட்டு, சுண்ணாம்பு அடிக்கும் மட்டையை எடுத்தார். மரத்துக்கு நாலு நாள் குளிப்பாட்டியவர் சுவருக்கு முகம்கூடக் கழுவிவிடவில்லை.

முதல் பத்து இழுப்பில் ஒன்றுமில்லை. பதினோராவது இழுப்பில் சுவரில் ஒரு கை சிவந்தது.

நான் கூடத்து ஓரத்தில் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தேன். ஐந்து விரலும் உள்ளங்கையும், இரத்தம் மாதிரி. அண்ணன் திகைத்துப்போய் அதன்மேல் இன்னொரு தரம் அடித்தார். இன்னும் சிவந்தது. நகர்ந்து அடித்தார், அங்கே ஒரு கை. அதற்கடுத்து இன்னொன்று. கூடத்திலிருந்து கொல்லை வரைக்கும், இடுப்பு உயரத்தில், என் கைகள் வரிசையாக வெளியே வந்தன. பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

அண்ணிக்கு ஒரு நொடிதான் ஆயிற்று. மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் என்ன ஆகும் என்று ஆரத்தி கரைத்த எந்தப் பெண்ணுக்கும் தெரியும். புகை ஏறிப் பழுப்பாகிப்போன சுவரில் மூன்று மாதமாக அந்த மஞ்சள் யார் கண்ணிலும் படவில்லை, அவ்வளவுதான். அண்ணியின் முகத்தைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. அண்ணனின் முகத்தைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. அவர் மட்டையைக் கீழே வைத்துவிட்டு, அம்மை மறுபடி வீட்டுக்குள் வந்ததுபோல் அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்போதாவது சுவரைச் சுரண்டிக் கழுவியிருக்கலாம். அவருக்கு மரத்து வைத்தியம்தான் கைக்கு வந்தது. கணுவுக்கு வைக்கும் அரக்கை எடுத்து ஒவ்வொரு கையின்மேலும் பூசினார். அரக்கு நொடியில் காய்ந்து கண்ணாடிபோல் மின்னியது. அதன்மேல் சுண்ணாம்பு நிற்குமா? வழிந்து இறங்கியது. நின்ற கொஞ்சமும் காய்ந்து பொருக்காக உதிர்ந்தது. முன்பாவது காய்ந்தால் மங்கியிருக்கும். இப்போது வெள்ளைச் சுவரில் பளபளவென்று பழுப்புச் சிவப்பில் கைகள். ஏதோ கோயில் வேண்டுதல் மாதிரி இருந்தது எங்கள் வீடு.

ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணி அக்கம்பக்கத்து வீடுகளில் சாமி படங்களை இரவல் வாங்கி வந்தார். முருகன், லட்சுமி, சரஸ்வதி, கடைக் காலண்டர் பிள்ளையார் இரண்டு, மெதடிஸ்ட் சர்ச்சுக்குப் போகும் எதிர்வீட்டு அக்கா கொடுத்த ஆட்டிடையர் படம் ஒன்று. எல்லாரும் இடுப்பு உயரத்தில் வரிசையாகத் தொங்கினார்கள். அறைக்குள்ளும் கொல்லைப் பக்கத்திலும் இருந்த கைகளைப் பழைய சேலைகளைக் கட்டி மறைத்தார். என் கழுத்திலிருந்த இரண்டு தழும்புக்கும் புருவத்தோரம் இருந்த ஒன்றுக்கும் பவுடர். அண்ணன் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, காயாத கதவில் யாரும் சாய்ந்துவிடாதபடி காவல் நின்றார்.

மாப்பிள்ளையின் அம்மா கனத்த உடம்புக்காரர். முட்டி வலி வேறு. கூட வந்தவர் அவருடைய தம்பி. அவர் காப்பியையும் வெற்றிலையையும் தவிர வேறெதற்கும் வாய் திறக்கவில்லை. நான் காப்பி கொடுத்து, விழுந்து கும்பிட்டு, உட்காரச் சொன்ன இடத்தில் உட்கார்ந்தேன். அந்த அம்மாளுக்கு என்னைப் பிடித்துவிட்டது என்பது பார்வையிலேயே தெரிந்தது. அதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது. பிடிக்காமல் போயிருந்தால் பொய் சொன்ன பாவமாவது இருந்திருக்காது.

அவர் எழுந்திருக்கும்போது சுவரைப் பிடித்தார். கை பட்டு லட்சுமி சாய்ந்தாள். சாமியை ஏன் இவ்வளவு கீழே மாட்டியிருக்கிறீர்கள் என்று கேட்டுக்கொண்டே படத்தை நிமிர்த்தப் போனவர், பின்னால் இருந்த கையைப் பார்த்துவிட்டார். கல்யாணம் பேசுகிற வீடு என்று மங்களத்துக்கு மஞ்சள் கை வைத்தோம் என்று அண்ணி சட்டென்று ஒரு கதை விட்டார். அந்த அம்மாள் அடுத்த படத்தைத் தூக்கினார். அதற்கடுத்ததையும் தூக்கினார். பிறகு திரும்பி எங்கள் மூவரையும் பார்த்தார்.

ஒரு பொய்யைக் காப்பாற்ற ஒன்பது பொய் வேண்டும் என்பார்கள். எனக்கு முதல் பொய்யே பிடிக்கவில்லை. பவுடரைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன்.

“அது என் கைதாங்கம்மா. மூணு மாசத்துக்கு முன்ன எனக்கு அம்மை போட்டிருந்துச்சு. சுவத்தப் பிடிச்சுக்கிட்டு நடந்தேன்.”

அவருடைய தம்பி காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். அண்ணி தலையில் கைவைத்துக்கொண்டார். முடிந்தது, கிள்ளான் கதை முடிந்தது என்று நான் நினைத்தேன். வருத்தத்தைவிட அப்போது எனக்கு நிம்மதிதான் பெரிதாக இருந்தது.

அந்த அம்மாள் போகவில்லை. சுவரோரமாகவே நடந்தார். கதவைத் தாண்டி அறைக்குள் போனார், சேலைகளை விலக்கினார், கொல்லைக் கதவு வரைக்கும் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். கோபமாகக் கேட்பார் என்றுதான் எதிர்பார்த்தேன்.

“போறப்ப வலது கை. வர்றப்ப இடது கை. எல்லாமே உங்க கைதான். பக்கத்துல வேற ஒரு கைகூட இல்லையே. உங்களை யாரும் பிடிச்சுக்கலையா?”

அதை என்னிடம் யாரும் கேட்டதில்லை. நானே என்னிடம் கேட்டுக்கொண்டதில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அண்ணி பிள்ளைத்தாச்சியாக இருந்தார், அண்ணன் வேலைக்குப் போய்விடுவார் என்று சொன்னேன். அண்ணனை யாரும் தப்பாக நினைக்கக்கூடாதே என்று, விழுந்த நாளில்கூட அவர் பட்டறையில்தான் இருந்தார் என்றும் சேர்த்துச் சொன்னேன். நான் அறிந்த வரையில் அது உண்மை.

கதவருகே நின்றிருந்த அண்ணன் பேசினார்.

“அன்னைக்கு வேலை இல்லைம்மா. நிறைய நாள் நான் பட்டறைக்கே போகலை. போயிட்ட மாதிரி வாசக்கதவைச் சாத்திட்டு, கூடத்துலதான் உட்கார்ந்திருப்பேன். மூணு தடவை கூப்பிட்டா. கேட்டுச்சு. எந்திரிச்சு வந்து இந்தக் கதவுல கையை வச்சேன். தள்ள முடியலை. எங்கம்மா கிடந்தது ஞாபகம் வந்துருச்சு. பயந்துட்டேன்.”

அவர் கை இன்னும் சரியாகக் காயாத அந்தக் கதவின்மேல் இருந்தது. நாலு நாள் அந்த ஒரு கதவை ஏன் அப்படிச் சுரண்டினார் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

வெளியே ஒரு ரயில் போயிற்று. அந்த அம்மாள் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்து, முட்டியைத் தடவிக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, “காப்பி ஆறிப்போச்சு. வேற போட்டுக் கொண்டா” என்றார். அதுவரை என்னிடம் ‘வாங்க’, ‘உட்காருங்க’ என்று மரியாதையாகப் பேசிக்கொண்டிருந்தவர்தான். அண்ணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்கு ஓடினார். மறைக்கக்கூடாது என்று கேட்ட மனுஷி, மறைக்காமல் சொன்னதும் மறுபேச்சுப் பேசவில்லை. தை மாதம் நாள் பார்க்கச் சொல்லிவிட்டு மத்தியான ரயிலில் கிளம்பினார்கள்.

அந்த மாமியாரோடு பல வருஷம் கிள்ளானில் குடித்தனம் செய்தேன். வாய் கொஞ்சம் நீளம், உதவுகிற கை அதைவிட நீளம். எனக்குத் தலைவலி என்றால்கூட முட்டி வலியோடு எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார். ஆனால் அன்றைக்கு நிச்சயமான பெண்ணின் முகமாக என் முகம் இல்லை. அண்ணனோடு நான் பேசவில்லை. கூப்பிட்டபோது இல்லாதவரை மன்னிக்க ஒன்றுமே இல்லை. இருந்தும் வராதவரை என்ன செய்வது? அவர்மேல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவரை விட்டால் எனக்கு யாருமில்லை என்பதும் அதே அளவுக்குத் தெரிந்தது. இரண்டையும் வைத்துக்கொண்டு சாயங்காலம் வரை கொல்லையில் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாளும் பட்டறையில் வேலை இல்லை. காலையிலேயே அண்ணன் படங்களையெல்லாம் இறக்கி அந்தந்த வீடுகளில் கொடுத்துவிட்டு வந்தார். சுரண்டியும் வாளியும் சோப்பும் தேங்காய் நாரும் எடுத்துக்கொண்டு, முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்ய ஆரம்பித்தார். அரக்கை ஸ்பிரிட்டால் துடைத்தார். பழைய சுண்ணாம்பைச் செங்கல் தெரிகிற வரைக்கும் சுரண்டினார். நாரால் தேய்த்தார், கழுவினார், துடைத்தார். ஒவ்வொரு கையாகப் போயிற்று. அவர் பின்னாலேயே நான் வாளியோடு போனேன்.

கொல்லைக் கதவருகே கடைசிக் கை. மற்றதைவிட ரொம்பத் தாழ்வாக, தரைக்குச் சமீபத்தில், விரல்கள் கீழ்நோக்கி இழுபட்டிருந்தன. அண்ணன் அதன் முன்னால் குந்தி உட்கார்ந்து நெடுநேரம் பார்த்தார். நாரை வாளியில் நனைத்தார், பிழிந்தார், மறுபடி நனைத்தார்.

“இதை மட்டும் விட்டுரவா தங்கச்சி?”

“வேணாம்ணே. தேய்ங்க.”

அவர் தேய்த்தார். நான் தண்ணீர் ஊற்றினேன்.